அப்பாவின் நினைவாக எதைச் செய்வது: நிழற்குடையா, பரிசா, மரமா, மைதானமா, புத்தகமா?

ஐப்பசியில் அப்பாவின் முதலாண்டு திதி வருகிறது. அதற்குள் அவர் நினைவாக ஏதாவது செய்துவிட வேண்டும் என்பதில் வீட்டில் எல்லோரும் ஒரே மனதாக இருக்கிறோம். எதைச் செய்வது என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு. அண்ணனுக்கு நிழற்குடை கட்ட ஆசை. தங்கைக்குப் பள்ளியில் பரிசுத் தொகை. சித்தப்பா அன்னதானம் என்கிறார். சோலை மரங்களை, அதாவது இந்த மலைக்கே உரிய காட்டு மரங்களை, நடலாம் என்கிறான் அண்ணன் மகன். கையில் இருப்பது இரண்டு லட்சம் ரூபாய். அப்பா போட்டு வைத்திருந்த டெபாசிட்டிலிருந்து அம்மா எடுத்துக் கொடுத்தது. ஒவ்வொன்றையும் விசாரித்துப் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. இதே யோசனையில் இருக்கும் மற்ற குடும்பங்களுக்கும் பயன்படட்டும் என்று விசாரித்ததை எழுதுகிறேன்.

அப்பா யார் என்று சொல்லாமல் எது பொருந்தும் என்று பேச முடியாது. 1957இல் இலங்கையில், நுவரெலியாவுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் மலையகத் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவின் பங்கு என்று எழுதினார்களே, அந்தக் கணக்கில் ஒரு தலை. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் வந்தபோது பதின்மூன்று வயது. தாத்தாவுக்கும் பாட்டிக்கும் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை. அதுதான் பிறகு டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. 1976இல் குன்னூருக்குப் பக்கத்து வெலிங்டனுக்குப் போய் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சேர்ந்தார். 24 ஆண்டுகள் கழித்து ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்தார்.

வந்தவருக்குக் கோயம்புத்தூரில் காவலாளி வேலை காத்திருந்தது. போகவில்லை. ஊரிலேயே இருந்துகொண்டு, சாதிச் சான்றிதழ் கிடைக்காமல் அலையும் பிள்ளைகளுக்கு மனு எழுதிக் கொடுத்தார். குடும்ப ஓய்வூதியம் வராத விதவைகளை அழைத்துக்கொண்டு அலுவலகப் படியேறினார். 2009 நவம்பரில் மலை முழுக்க மண் சரிந்தபோது, வடக்கயிற்றையும் நான்கு பையன்களையும் கூட்டிக்கொண்டு இருட்டில் இறங்கியவர் மறுநாள் மதியம்தான் வீடு திரும்பினார். ஊரில் அவர் பெயரைச் சொன்னால் பலருக்குத் தெரியாது. மிலிட்டரிக்காரர் என்றால் தெரியும். எந்தப் பொது வேலை என்றாலும், பேச்சு முடிகிற நேரத்தில் அவர் ஒன்று கேட்பார்: "எல்லாம் சரி, நாளைக்கு இதை யார் பார்த்துக்கொள்வது?" இந்தக் கட்டுரையில் நான் கையில் வைத்திருக்கும் தராசு அந்தக் கேள்விதான்.

நிழற்குடையை முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் அதற்குத்தான் ஆதரவு அதிகம். எங்கள் நிறுத்தத்தில் கூரை இல்லை என்பது உண்மை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கொழுந்து எடுக்கப் போகும் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் பஸ் வரும்வரை கம்பளியையும் சாக்கையும் தலையில் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு கூரை இருந்தால் நல்லதுதான். ஆனால் யாருடைய நிலத்தில்? சாலையோரம் நெடுஞ்சாலைத் துறையினுடையது. அதைத் தாண்டினால் தேயிலை; டேன்டீ தேயிலை நிற்பது வனத்துறை நிலத்தில். அந்தப் பக்கம் ஒரு செங்கல் வைக்க வேண்டும் என்றாலும் அனுமதி வாங்கும் காகிதம் செங்கல்லைவிடக் கனமாகிவிடும். மிச்சம் இருப்பது ஊராட்சி மூலம் போவது. 'நமக்கு நாமே' திட்டத்தில் பொதுமக்கள் மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு போடும். கட்டி முடித்தால் அது ஊராட்சியின் சொத்து. இரண்டு லட்சத்தை வைத்து ஆறு லட்சத்துக்கு வேலை நடக்கும் என்ற கணக்கில் அண்ணன் மயங்கியது இங்கேதான். கணக்கில் தப்பில்லை. மணலும் ஜல்லியும் மேட்டுப்பாளையத்திலிருந்து லாரியில் ஏறி வருவதற்குள் விலை ஏறிவிடும் என்பதைச் சேர்த்துப் பார்த்தாலும் கட்டிவிடலாம்.

கட்டிய பிறகு? கோத்தகிரி சாலையில் போகிறவர்கள் ஏற்கெனவே இருக்கும் நினைவு நிழற்குடைகளை ஒரு தடவை நின்று பார்க்க வேண்டும். இறந்தவரின் பெயருக்கு மேல் தேர்தல் சுவரொட்டி, அதற்கு மேல் காது குத்து அழைப்பு. பெஞ்சுக்குக் கீழே காலிப் பாட்டில். காட்டெருமை உரசியதில் ஒரு பக்கத்துக் குழாய் வளைந்து நிற்கும். வெள்ளையடிப்பவர் யாரும் இல்லை. நன்கொடையாளர் பெயரைப் பெரிதாக எழுதியே வெளிச்சத்தை மறைத்த கோயில் டியூப் லைட்டைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பெயர் இருக்கும் இடமெல்லாம் நினைவும் இருப்பதாக எடுத்துக்கொள்வது சரியில்லை. அண்ணன் திருப்பூரில் இருக்கிறான். ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறான். அவன் வந்து சுவரொட்டி கிழிப்பான் என்று நான் நம்பவில்லை; அவனிடமே சொல்லிவிட்டேன்.

அன்னதானத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. திதியன்று ஊருக்குச் சோறு போடுவது எப்படியும் நடக்கும். அதைச் சடங்கின் கணக்கில் வைத்துக்கொள்ளலாம், நினைவுச் சின்னம் என்று அதை மட்டும் நம்பி நிறுத்த வேண்டாம். நடைமுறையில் ஒன்று: நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டு, டம்ளர், தண்ணீர்ப் பாட்டில் எதற்கும் அனுமதி இல்லை. வாழை இலைக்கு முன்கூட்டியே மேட்டுப்பாளையத்தில் சொல்லி வையுங்கள்.

படைவீரர் கொடிநாள் நிதிக்குக் கொடுப்பதும் அதே போல எளிமையான வழி. 1949 முதல் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 7இல் கொடிநாள். போரில் கணவனை இழந்தவர்களுக்கும் ஊனமுற்ற வீரர்களுக்கும் முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கும் பணம் போகிறது. அலைச்சல் இல்லை, பராமரிப்பு இல்லை, பணம் வீணாகாது. ஊருக்கு வெளியே வேலை பார்ப்பவர்கள், ஒருங்கிணைக்க ஆள் இல்லாத குடும்பங்கள் வேறு எதையும் யோசிக்காமல் இதைச் செய்யலாம். வருமான வரிச் சலுகையை எண்ணிக் கொடுப்பவர்கள் மட்டும் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும்: புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்திருந்தால் நன்கொடைக் கழிவு கிடையாது, பழைய முறையிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்ததற்குக் கழிவு கிடைக்காது. அப்பா ஒவ்வொரு டிசம்பரிலும் கொடிநாளுக்குக் கொடுத்தார், சட்டைப் பையில் கொடியையும் குத்திக்கொண்டார். அதை நாங்கள் தொடர்வோம். ஆனால் அப்பாவின் பாதி வாழ்க்கைதான் அதில் அடங்கும். 2000க்குப் பிறகு ஊரில் வாழ்ந்த அப்பா அதில் இல்லை.

தங்கை சொல்லும் பரிசுத் தொகை பார்வைக்கு அழகானது. ஒரு லட்சத்தை வங்கியில் போடுவது, வட்டியில் ஆண்டுதோறும் பத்தாம் வகுப்பில் முதல் மதிப்பெண் எடுக்கும் பிள்ளைக்குப் பரிசு. அரசுப் பள்ளிக்கு நன்கொடை கொடுக்க 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் இருக்கிறது, முறையாகச் செய்யலாம். எனக்கு இரண்டு தயக்கங்கள். முதலாவது கணக்கு: 7 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 7,000 ரூபாய். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், இருபது ஆண்டு கழித்து அந்த 7,000 இன்றைய 2,200 ரூபாய்க்குத்தான் ஈடாகும். வட்டியில் ஒரு பகுதியை அசலோடு சேர்த்துக்கொண்டே வந்தால்தான் பரிசு பரிசாக இருக்கும். அதைச் சொல்லி எழுதிக் கொடுக்காவிட்டால் யாரும் செய்ய மாட்டார்கள். இரண்டாவது தயக்கம் அப்பாவைப் பற்றியது. முதல் மதிப்பெண் எடுக்கும் பிள்ளைக்கு ஏற்கெனவே கைதட்டல் கிடைக்கிறது. அப்பா தேடிப் போனது ஒன்பதாம் வகுப்பில் பையைத் தூக்கி எறிந்துவிட்டுத் திருப்பூர் பஸ் ஏறப் பார்க்கும் பையனை. அவனுக்குப் பரிசு கொடுக்க எந்தப் பள்ளியிலும் விதி கிடையாது.

சோலை மரங்கள் என்ற யோசனை அண்ணன் மகனுடையது. அவன் கோயம்புத்தூரில் தாவரவியல் படிக்கிறான். இந்த மலையில் வெள்ளைக்காரன் கொண்டுவந்த சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) போதும், நாவலும் காட்டுப் பூவரசும் நடுவோம் என்கிறான். சரியான பேச்சு. மார்கழி, தை உறைபனியில் கன்று கருகும். மூடி வைக்க வேண்டும். மாடும் காட்டெருமையும் மிதிக்கும், வேலி வேண்டும். களை எடுக்காவிட்டால் கன்று எங்கே என்று தேட வேண்டியிருக்கும். குறைந்தது மூன்று ஆண்டு ஆள் வேண்டும். வளர்ச்சியும் மெதுவாகத்தான் இருக்கும். இந்த மரத்தின் நிழலில் நிற்கப்போவது என் பேரப் பிள்ளைகள். சோலை மரம் நட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் சொந்தப் பட்டா நிலத்தில் நடுங்கள். காட்டில் நாமாக நட முடியாது. எங்களுக்குப் பட்டா நிலம் என்பது வீட்டைச் சுற்றி இருக்கும் முருங்கைக்காய்த் தோட்டம் அளவுதான் என்று எழுத நினைத்தேன். இந்தக் குளிரில் முருங்கை வருவதில்லை, ஆகவே பீன்ஸ் பந்தல் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

யாரும் சொல்லாத ஒன்றை நான் சேர்த்தேன்: மைதானம்.

அப்பா இருபது ஆண்டுக்கு மேல் காலையில் பையன்களை ஓட வைத்தார். பள்ளி மைதானத்தைக் கயிறு போட்டு அளந்து, ஒரு சுற்று 200 மீட்டர் என்று மூலைகளில் கல் நட்டார். எட்டுச் சுற்று ஓடினால் 1.6 கிலோமீட்டர், ராணுவ ஆள்சேர்ப்பில் அதை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால் முழு மதிப்பெண். கம்பியில் பத்து முறை தொங்கி ஏறினால் அதற்கும் முழு மதிப்பெண்; 9 அடிப் பள்ளத்தைத் தாண்ட வேண்டும். பழைய தண்ணீர்க் குழாயை வெல்டிங் செய்து அவர் நட்ட கம்பி இன்னும் நிற்கிறது. நடுப்பகுதியில் மட்டும் பெயின்ட் தேய்ந்து, கை பட்டுப் பட்டு வழவழவென்று ஆகியிருக்கிறது. பள்ளத்தில் மண் மூடிவிட்டது.

இன்று அதை அப்படியே தொடர்ந்தால் போதுமா என்றால், போதாது. 2022இல் ராணுவ ஆள்சேர்ப்புக்கு அக்னிபத் திட்டம் வந்தது. சேர்ப்பு நான்கு ஆண்டுக்கு; அதில் நூற்றுக்கு 25 பேர் வரைதான் நிரந்தரம். மற்றவர்கள் சேவா நிதி என்ற மொத்தத் தொகையோடு வெளியே வருவார்கள், ஓய்வூதியம் கிடையாது. எங்களைப் படிக்க வைத்தது அப்பாவின் ஓய்வூதியம். அது இல்லாத வேலைக்கு ஊர்ப் பிள்ளைகளை அனுப்பி வைக்க அப்பா பெயரைச் சொல்லலாமா என்று நான் இரண்டு இரவு யோசித்தேன். இன்னொன்று: 2023 முதல் இணையவழி எழுத்துத் தேர்வு முதலில், ஓட்டம் பிறகு. மலையில் மூச்சுப் பிடித்து ஓடிப் பழகிய பையன் கீழே போனால் பறப்பான். ஆனால் கணக்கில் தடுக்கி விழுந்தவனுக்கு மைதானத்தைப் பார்க்கவே வாய்ப்பில்லை.

எனவே பட்டாளத்தோடு நிறுத்தாமல் விரிக்க வேண்டும். தமிழ்நாடு காவல் துறையின் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்களுக்கு 1,500 மீட்டர் ஓட்டம், ஏழு நிமிடம். வனக்காப்பாளர் தேர்வில் ஆண்கள் நான்கு மணி நேரத்தில் 25 கிலோமீட்டரும் பெண்கள் 16 கிலோமீட்டரும் நடந்து காட்ட வேண்டும். கொழுந்து மூட்டையோடு ஏறி இறங்கும் வீட்டுப் பெண்களுக்கு அது பெரிய காரியம் இல்லை. அதே மைதானம், அதே எட்டுச் சுற்று. கூட ஒரு கணக்கு வகுப்பு. செலவு என்ன? நல்ல காலணிகள், பள்ளம் தோண்டி மணல் கொட்டுவது, பழைய வினாத்தாள்கள், தேர்வு எழுதக் கோயம்புத்தூர் போக வேண்டியிருந்தால் பஸ் காசு. இரண்டு லட்சத்தில் பல ஆண்டு ஓடும். நாளைக்கு யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்கு இங்கே பதில் இருக்கிறது: அப்பாவிடம் ஓட்டம் பழகிக் காவல் துறையில் சேர்ந்த ஒருவர் விடுமுறையில் வந்தால் ஓட வைக்கிறேன் என்கிறார், உள்ளூரிலேயே இருக்கும் அவர் தம்பி மற்ற நாட்களுக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார். கணக்குக்குத் தங்கை. பரிசு கொடுக்க நினைத்தவளிடம் ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டேன். முகத்தைச் சுளித்தாள், ஆனால் மறுக்கவில்லை.

கடைசியாகப் புத்தகம். இதற்குத்தான் வீட்டில் சிரிப்பு கிடைத்தது. "அப்பா என்ன தலைவரா?" என்றான் அண்ணன்.

தலைவர்களுக்கு எழுத ஆட்கள் இருக்கிறார்கள். ஃபீல்ட் மார்ஷல் மானெக்‌ஷா 2008இல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் இறந்தார். ஊட்டியில் அவர் கல்லறைக்கு இன்றும் மரியாதை நடக்கிறது. களத்தில் விழுந்த வீரர்களின் பெயர்கள் 2019இல் திறந்த டெல்லி தேசியப் போர் நினைவிடத்தில் கல்லில் இருக்கின்றன, இருக்க வேண்டியவைதான். உயிரோடு திரும்பி வந்து, இருபத்து நான்கு ஆண்டு ஊர்க் குழாய்க்கும் பள்ளிக் கூரைக்கும் மனு எழுதிய ஹவில்தாரின் பெயர் எந்தக் கல்லிலும் வராது. அவருக்கு வீட்டார் எழுதினால்தான் உண்டு.

எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று கட்டிலுக்கு அடியில் இருந்த கறுப்பு டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். மூடியில் வெள்ளைப் பெயின்ட்டில் அவர் எண்ணும் பெயரும். உள்ளே டிஸ்சார்ஜ் புத்தகம், பதக்க ரிப்பன்கள், கப்பலில் வந்தபோது தாத்தாவுக்குக் கொடுத்த குடும்ப அட்டை, ரப்பர் பேண்ட் உளுத்து ஒட்டிப்போன இன்லேண்டுக் கடிதக் கட்டு. அனுப்புநர் முகவரியில் ஊர் இருக்காது. யூனிட் பெயரும் 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் எண்ணும்தான். உள்ளேயும் பெரிய சேதி எதுவும் இல்லை. தகரம் ஒழுகுகிறதா, தார் வாங்கிப் பூசு. சின்னவளுக்கு இருமல் நின்றதா. மண்ணெண்ணெய்க்குப் பணம் போதவில்லை என்றால் தம்பியிடம் வாங்கு, நான் வந்து கொடுக்கிறேன். இந்த மூன்று வரிக்குள் எங்கள் குடும்பத்தின் பத்து ஆண்டு வரவு செலவு இருக்கிறது.

1987 ஆகஸ்டிலிருந்து கடிதங்கள் குறைகின்றன. அந்த ஜூலை 29இல் இந்திய இலங்கை ஒப்பந்தம். அமைதிப்படையோடு அப்பாவும் யாழ்ப்பாணம் போனார். பதினேழு ஆண்டுக்கு முன் கப்பலேற்றி அனுப்பிவிட்ட நாட்டுக்குச் சீருடையில் திரும்பிப் போனவர். தமிழ் தெரிந்தவர் என்பதால் சோதனைச் சாவடிகளில் பேசுவதற்கு அவரை முன்னால் நிறுத்தினார்கள் என்று மட்டும் ஒரு முறை சொன்னார். யாரிடம் என்ன பேசினார் என்று சொல்லவில்லை. 1990 மார்ச்சில் படை முழுவதும் திரும்புவதற்குள் 1,100க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் அங்கே இறந்துவிட்டார்கள். அங்குள்ள தமிழ் மக்கள் பட்டதும் எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்கு வந்த சிலோன் உறவினர்கள் அந்தப் பேச்சை எடுத்தால் அப்பா எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார்.

குடும்ப வரலாறு எழுதுகிறவர்கள் இந்த மாதிரி இடத்தில் கற்பனையை ஊற்றி நிரப்பிவிடுகிறார்கள். வேண்டாம் என்பது என் கருத்து. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் இருக்கும் தேதியைப் போடுவோம், அவர் சொன்ன ஒரே வாக்கியத்தைப் போடுவோம், மேற்கொண்டு அவர் பேசவில்லை என்று எழுதுவோம். அவரோடு பணி செய்தவர்கள் பேச விரும்பினால் அவர்கள் சொன்னது என்று தனியாக வரட்டும்.

செலவு மிகக் குறைவு. கடிதங்களைக் கைப்பேசியிலேயே நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துவிடலாம். பெரியவர்கள் பேசுவதை ஒலிப்பதிவு செய்யலாம். கோத்தகிரியிலோ குன்னூரிலோ டி.டி.பி. செய்து ஐம்பது பிரதி அடித்தால் உறவுக்கும் பள்ளிக்கும் கிளை நூலகத்துக்கும் போதும். உழைப்புத்தான் அதிகம். ஆனால் தராசை இந்தப் பக்கம் சாய்த்தது வேறு ஒன்று. நிழற்குடையைப் பத்து ஆண்டு கழித்தும் கட்டலாம். மரத்தை அடுத்த ஆடியில் நடலாம். பரிசுத் தொகையை எப்போது வேண்டுமானாலும் வங்கியில் போடலாம். மண்டபம் முகாமில் அப்பாவோடு வரிசையில் நின்ற பெரியப்பாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. பேச்சு நடுவில் பெயர்கள் நழுவுகின்றன. வெலிங்டனில் ஒன்றாகப் பயிற்சி எடுத்த நண்பர் ஒருவர் இந்தப் பங்குனியில் போய்விட்டார். இங்கே காத்திருந்தால் கெட்டுப்போகிற சரக்கு இது ஒன்றுதான். என்னுடைய ஒப்பீட்டில் முதலிடம் இதற்கு, பணத்தில் பெரும்பகுதி மைதானத்துக்கு, கொடிநாள் வழக்கம்போல, நிழற்குடை இல்லை.

வீட்டில் இதைச் சொன்னபோது அதுவரை பேசாமல் இருந்த அம்மா, "கடிதமெல்லாம் போடலாம், ஆனால் என் பதில் கடிதம் ஒன்றும் பெட்டியில் இல்லையே, அவர் மட்டும் எழுதினதாக ஆகிவிடுமே" என்றார். உண்மைதான், முகாமுக்கு முகாம் மாறியவர் எதையும் சேர்த்து வைக்க இடம் இல்லாமல் விட்டிருப்பார். அம்மாவின் பக்கத்தை அவரே சொல்ல, தங்கை பதிவு செய்கிறாள். கொழுந்து எடை போட்ட இடத்திலிருந்து ரேஷன் வரிசை வரை அம்மாவுக்கு நாள் வாரியாக நினைவிருக்கிறது. அப்பா புத்தகம் என்று தொடங்கியது பாதிக்குப் பாதி அம்மா புத்தகமாக ஆகப்போகிறது. ஆகட்டும்.

அண்ணனுக்கு இன்னும் மனம் ஆறவில்லை. மைதானத்தில் ஒரு பெயர்ப் பலகையாவது வேண்டும் என்கிறான். தலைமை ஆசிரியர் சம்மதித்துவிட்டார்; நான்தான் யோசிக்கிறேன். வெல்டிங் செய்பவர் ஞாயிற்றுக்கிழமை வந்து இரண்டாவது கம்பி நடுகிறார், பெண்களுக்காகக் கொஞ்சம் தாழ்வாக. பலகை வைப்பதாக இருந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள், குழியைச் சேர்த்துத் தோண்டிவிடலாம் என்கிறார்.